டொரண்ட், டிவி பெட்டி, அப்புறம் ஞாயிறு இரவு எட்டேகால்

அடுத்த மாதம் மனைவியோடு ஜெர்மனியில் இருக்கும் ஸ்டுட்கார்ட்டுக்கு வேலைக்கு வரப்போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வேலை முடிந்து வந்தால் வீட்டில் என்ன படம், என்ன சீரியல் பார்ப்பீர்கள்? தமிழ்ப் படம் கிடைக்குமா? டிவி பார்த்தே ஜெர்மன் பழகிவிடலாமா? எத்தனை இஞ்ச் டிவி வாங்கலாம்? குளிருக்கு என்ன எடுத்து வரலாம்?

தம்பி, குளிருக்கு ஒன்றும் எடுத்து வர வேண்டாம், இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். டிவி இஞ்ச் கணக்கெல்லாம் அப்புறம், முதலில் ஸ்டுட்கார்ட்டில் வீடு கிடைக்கட்டும். என்ன பார்ப்பது என்பதற்கு முன்னால், எப்படிப் பார்க்கக் கூடாது என்பதை யாராவது உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நான் 2009இல் இங்கே மக்டபுர்க் என்ற ஊருக்குப் படிக்க வந்தபோது அதை யாரும் சொல்லவில்லை.

நாலு பையன்கள் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை. இன்டர்நெட் இணைப்பு ஒருவன் பெயரில். எங்களில் அவனுக்குத்தான் கொஞ்சம் ஜெர்மன் வரும், அந்தப் பாவத்துக்கு அவன் கையெழுத்துப் போட்டிருந்தான். பக்கத்து அறைக்காரன் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு ஹாலிவுட் படத்தை டொரண்ட்டில் இறக்கிப் பார்த்துவிட்டு அழித்தும்விட்டான். சில வாரம் கழித்துத் தடிமனாக ஒரு கவர் வந்தது, ஒரு வக்கீல் அலுவலகத்திலிருந்து. படத்தின் பெயர், தேதி, மணி, நிமிடம், விநாடி, எங்கள் ஐ.பி. முகவரி எல்லாம் அட்டவணையாக அச்சடித்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் கட்ட வேண்டிய தொகை. அதைப் படித்ததும் இணைப்பு வைத்திருந்தவன் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் அந்தப் படத்தைப் பார்க்கக்கூட இல்லை. பார்த்தவனோ, “கால்வாசிதான் பார்த்தேன், அதுவும் மொக்கைப் படம்” என்று நியாயம் பேசினான். பணத்தை எப்படியோ பிரித்துக் கட்டினார்கள். அந்த இரண்டு பேருக்கும் இடையே பேச்சுவார்த்தை அதோடு முடிந்தது.

இந்தக் கடிதத்துக்கு அப்மானுங் என்று பெயர். டொரண்ட்டில் நீங்கள் படத்தை இறக்கும்போதே, இறங்கிய துண்டுகளை உங்கள் கணினி அடுத்தவனுக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கும். அதாவது நீங்கள் பார்வையாளர் இல்லை, விநியோகஸ்தர். அந்தக் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று குறித்துவைக்கவே இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். ஐ.பி. முகவரியை வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போவார்கள். நீதிமன்றம் உத்தரவு போட்டால் இன்டர்நெட் கம்பெனி உங்கள் பெயரையும் முகவரியையும் கொடுத்துவிடும். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கழுத்தில்தான் முதலில் விழும். உங்கள் வீட்டுக்கு வந்து தங்கும் நண்பருக்கு வைஃபை கொடுக்கும்போது இதை வாய்விட்டே சொல்லிவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

அப்படியும் வந்துவிட்டால், கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள். அதில் இருக்கும் கெடு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘இனி செய்ய மாட்டேன்’ என்று அவர்களே எழுதி இணைத்திருக்கும் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்தும் போடாதீர்கள். அது உங்களை ஆயுளுக்கும் கட்டிப்போடும்படி எழுதப்பட்டிருக்கும். ஃபெர்பிராவ்ஹர்சென்ட்ராலே என்று எல்லா மாநிலத்திலும் நுகர்வோர் ஆலோசனை மையம் இருக்கிறது. அங்கே போங்கள், இல்லை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

“நான் இறக்க மாட்டேன் அண்ணா, ஸ்ட்ரீமிங்தான்” என்பீர்கள். திருட்டுத் தளம் என்று தெரிந்தே ஸ்ட்ரீமிங்கில் பார்ப்பதும் தப்புதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. அந்த வழக்கே எதைப் பற்றியது தெரியுமா? நம் ஆட்கள் அவ்வளவு பெருமையாக வரவேற்பறையில் வைத்திருக்கிறார்களே, டிவியோடு இணைத்தால் திருட்டுத் தளங்களைக் காட்டும் அந்த மாதிரிப் பெட்டியைப் பற்றித்தான். நீங்கள் வந்த முதல் மாதத்திலேயே யாராவது ஒரு அண்ணன் விருந்துக்குக் கூப்பிட்டு, ‘வருஷத்துக்கு ஒரு தடவை கட்டினால் போதும், எல்லாத் தமிழ்ச் சானலும் வரும், நேற்று ரிலீஸான படம் இன்றைக்கு வரும்’ என்று அந்தப் பெட்டியைக் காட்டுவார். சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு, தயாரிப்பாளருக்குப் போக வேண்டிய அஞ்சு பத்து யூரோவை மிச்சம் பிடித்ததைச் சாமர்த்தியமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதே ஆள் ‘தமிழ் சினிமா தரம் போச்சு’ என்றும் சொல்வார்.

தமிழ்ப் படம் நேர்வழியிலேயே கிடைக்கிறது. நெட்ஃபிளிக்ஸ், அமேசான் பிரைம் இரண்டிலும் இருக்கிறது. எல்லாப் படமும் வராது. ஊரில் அதே செயலியில் இருக்கும் படம் இங்கே இருக்காது, ஏனென்றால் உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்கிறார்கள். வராத படத்துக்காக அழ வேண்டாம். பெரிய ஹீரோ படம் என்றால் நம்மவர்கள் தியேட்டரை எடுத்துக் காட்சி போடுவார்கள்.

அடுத்தது ருண்ட்ஃபுங்க்பைட்ராக். முகவரியைப் பதிவு செய்த கொஞ்ச நாளில் கொலோனிலிருந்து ஒரு கடிதம் வரும். அரசு சார்பில்லாத பொது ஒலிபரப்புக்கான கட்டணம், மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. “என்னிடம் டிவியே இல்லை” என்ற பதில் செல்லாது. 2013க்கு முன்னால் ஓரளவு செல்லும். அப்போது டிவி, ரேடியோ மாதிரிக் கருவி இருந்தால்தான் கட்டணம். அதைச் சோதிக்க ஆள் வீடு வீடாக வருவார். மக்டபுர்க்கில் சீனியர்கள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமே, யார் என்று தெரியாமல் கதவைத் திறக்காதே என்பதுதான். எங்கள் வீட்டில் யாரோ விட்டுப்போன குண்டு டிவி ஒன்று இருந்தது. மணி அடித்தால் அதன் மேல் போர்வையை எடுத்துப் போடுவான் ஒருவன். வந்தவர் பெரும்பாலும் பார்சல்காரர்.

இப்போது அந்த விளையாட்டெல்லாம் கிடையாது. வீட்டுக்கு இவ்வளவு, அவ்வளவுதான். நல்ல விஷயம் என்னவென்றால், ஒரு வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரே கட்டணம். ஆகவே நீங்களும் மனைவியும் தனித்தனியாகப் பதிவு செய்து இரண்டு தடவை கட்டிக்கொண்டிருக்காதீர்கள். அவர் பெயரில் கடிதம் வந்தால் உங்கள் கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போடுங்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் பாக்கி ஏறும், தாமதக் கட்டணம் சேரும், கடைசியில் ஜப்தி வரை போகும்.

கதவு தட்டி ‘கேபிள் கட்டாகப் போகிறது, இங்கே கையெழுத்துப் போடுங்கள்’ என்று வருகிற விற்பனையாளரையும் நம்பாதீர்கள். 2024 ஜூலையிலிருந்து கேபிள் கட்டணத்தை வாடகையோடு சேர்த்து வசூலிக்கக் கூடாது என்று ஆனதிலிருந்து இவர்கள் பாடு கொண்டாட்டம். போட்டுவிட்டீர்கள் என்றால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். சத்தம் விஷயம் வேறு இருக்கிறது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை உங்கள் டிவி உங்கள் அறைக்குள்தான் கேட்க வேண்டும். ஹீரோ நடந்து வரும்போது வரும் அந்தப் பின்னணி இசைக்கு ஊரில் வூஃபர் வாங்கி வைத்திருப்பீர்கள். இங்கே கீழ்வீட்டுப் பாட்டி அதற்கு விசில் அடிக்க மாட்டார்.

சரி, பயமுறுத்தியது போதும். 18 யூரோ கட்டுகிறோமே, வசூல் பண்ணிப் பாருங்கள். பொதுச் சானல்களான ஏஆர்டி, செட்டிஎஃப் இரண்டின் மெடியாடேக்கும், அதாவது இணையப் படக் களஞ்சியமும், அதற்குள் அடக்கம். படம், தொடர், ஆவணப்படம் எல்லாம் இருக்கிறது, கணக்கு தொடங்காமலே பார்க்கலாம். இந்த இரண்டு சானலிலும் இரவு 8க்கு மேல் விளம்பர இடைவேளை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்கக் கிடையாது. நம் ஊர் சீரியலில் ஒரு கண்ணீருக்கு மூன்று சோப்பு விளம்பரம் பார்த்து வளர்ந்த எனக்கு இது பெரிய சுகம்.

டிவி பார்த்தே ஜெர்மன் பழகலாமா? டிவியை மட்டும் பார்த்து முடியாது. ஆனால் வகுப்புக்குப் போகிறவருக்கு டிவி நல்ல துணை. சப்டைட்டிலை ஜெர்மனிலேயே வையுங்கள், ஆங்கிலத்தில் வைத்தால் கண் ஆங்கிலத்தைப் படிக்கும், காது தூங்கிவிடும். பழைய டிவியாக இருந்தால், ரிமோட்டில் எண் அடித்துத் திறக்கும் டெலிடெக்ஸ்ட் பக்கத்தில் சப்டைட்டில் வரும், ஏஆர்டியில் 150ஆம் பக்கம், செட்டிஎஃப்பில் 777. ஜெர்மனியின் வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே இலவசமாகத் தரும் பாடத் தொடரை முதலில் முடியுங்கள். அப்புறம் இரவு 8 மணிக்கு டாகஸ்ஷாவ் செய்தி, பதினைந்தே நிமிடம். 1952லிருந்து ஓடுகிறது. யாரும் கத்துவதில்லை, திரையை ஒன்பதாகப் பிரித்து ஒன்பது பேரை உட்கார வைப்பதில்லை. 2024லிருந்து எளிய ஜெர்மனிலும் ஒரு பதிப்பு வருகிறது. ஆரம்பத்துக்கு அது போதும்.

இன்னொரு யோசனை, சிரிக்காதீர்கள். ஞாயிறு காலையில் வரும் குழந்தைகள் நிகழ்ச்சியான ‘ஸெண்டுங் மிட் டெர் மவுஸ்’ பாருங்கள். ஆரஞ்சு நிற எலி ஒன்று வரும். பற்பசையில் கோடு எப்படி விழுகிறது, பென்சில் எப்படிச் செய்கிறார்கள் என்பதையெல்லாம் நிறுத்தி நிதானமாகக் காட்டுவார்கள். 1971லிருந்து வருகிறது. அன்றைக்கு என்னென்ன காட்டப்போகிறோம் என்பதை ஆரம்பத்தில் ஒரு தடவை ஜெர்மனிலும் இன்னொரு தடவை ஏதாவது ஒரு வேற்று மொழியிலும் சொல்வார்கள். இங்கே வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளை மனதில் வைத்து ஆரம்பித்த பழக்கம் அது. என் மகன் ஒவ்வொரு வாரமும் ‘இன்றைக்குத் தமிழா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு இப்போது டிவி என்றாலே இளக்காரம். நான்தான் இன்னமும் பார்க்கிறேன்.

டப்பிங் எனக்கு ஆகாது. இங்கே வெளிநாட்டுப் படம் என்றால் எல்லாமே டப்பிங்தான். ராபர்ட் டி நீரோவுக்குப் பல பத்தாண்டுகளாக ஒரே ஜெர்மன்காரர், கிறிஸ்டியான் பிரூக்னர், குரல் கொடுக்கிறார். அதுதான் டி நீரோவின் குரல் என்று நினைத்து வளர்ந்தவர்கள் என் ஆபீஸிலேயே இருக்கிறார்கள், அசலைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் ஒன்று, டப்பிங் ஜெர்மன் ஸ்டூடியோவில் பேசியது, தெருவில் கேட்பதைவிடத் தெளிவாக இருக்கும், பழகுவதற்கு உதவும். சப்டைட்டிலும் டப்பிங் வசனமும் மட்டும் பல நேரம் ஒத்துப்போகாது, இரண்டையும் தனித்தனியாக மொழிபெயர்க்கிறார்கள். தியேட்டருக்குப் போனால் ஓவி, ஓஎம்யூ என்று போட்ட காட்சியாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். முதலாவது அசல் மொழி, இரண்டாவது அசல் மொழியோடு ஜெர்மன் சப்டைட்டில்.

இந்த டப்பிங்கால் எனக்கு வந்த தலைவலி வேறு. 2004இல் இங்கே ஒரு தனியார் சானல் ஷாருக்கான் படத்தை ஜெர்மனில் போட்டுப் பெரிய ஹிட் ஆகிவிட்டது. நான் வந்து இறங்கியபோது எந்த வீட்டு அம்மாவைப் பார்த்தாலும், “இந்தியாவா? ஷாருக்கான்!” என்பார்கள். எனக்கு ஷாருக்கானோடு பேச ஹிந்திகூடத் தெரியாது என்று விளக்கி விளக்கி என் ஜெர்மன்தான் வளர்ந்தது.

புலம்பெயர்ந்தவர்களில் இரண்டு ரகத்தை நீங்கள் பார்ப்பீர்கள். ஒரு ரகம், இருபது வருஷம் இங்கே இருந்தும் ஊர்ச் சானலைத் தவிர வேறு எதையும் போடாது. ஊர் மாமியார் மருமகள் சண்டை அத்தனையும் தெரியும், தாங்கள் வரி கட்டும் ஊரில் மேயர் யார் என்று தெரியாது. இன்னொரு ரகம், வந்த இரண்டாவது வருஷமே ‘நான் தமிழ்ப் படம் பார்ப்பதையே விட்டுவிட்டேன்’ என்று உதட்டைச் சுழிக்கும். இரண்டாவது ரகத்தைத்தான் என்னால் அதிக நேரம் தாங்க முடியாது. வெள்ளிக்கிழமை ராத்திரி நல்ல தமிழ்ப் படம் ஒன்று போட்டு வீட்டோடு உட்கார்ந்து பாருங்கள், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம்.

ஞாயிறு இரவு எட்டேகாலுக்கு மட்டும் டாட்டோர்ட் வையுங்கள். 1970லிருந்து ஓடும் போலீஸ் தொடர், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேர முழுக் கதை. ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி போலீஸ் ஜோடி, ஸ்டுட்கார்ட்டுக்கும் உண்டு. ஆரம்பத்தில் வரும் அந்தக் கண்ணும் குறிவட்டமும் ஓடுகிற காலும் அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. கிழக்கு ஜெர்மனியில் இதற்குப் போட்டியாக 1971இல் ஆரம்பித்த போலிட்சைரூஃப் 110ம் இப்போது அதே நேரத்தில்தான் மாறி மாறி வருகிறது. 2013இல் அதில் மக்டபுர்க்குக்கு ஒரு பெண் அதிகாரியைப் போட்டார்கள். படித்து முடித்து ஊர் மாறியிருந்தேன். எல்பே ஆற்றங்கரையைத் திரையில் பார்த்ததும் கொலைகாரனை விட்டுவிட்டு, ‘அதோ அந்தப் பாலம், அங்கேதான் சைக்கிள் தொலைந்தது’ என்று மனைவியிடம் காட்டிக்கொண்டிருந்தேன். கதை என்ன ஆனது என்று அவளுக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றால் முந்தின நாள் டாட்டோர்ட்டைப் பற்றித்தான் பேச்சு. இத்தனை வருஷம் ஒரே மாடியில் வேலை பார்த்தும் தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டவர்கள், ‘அந்த டாக்டர்தான் கொலை பண்ணினான் என்று எனக்கு முதலிலேயே தெரியும்’ என்று நான் ஒரு நாள் சொன்னதும் திரும்பி நின்று சண்டைக்கு வந்தார்கள். அன்றிலிருந்து நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எல்லாரும் மூன்ஸ்டர் ஜோடிதான் பெஸ்ட் என்பார்கள். 2002லிருந்து வரும் அந்த ஜோடிக்குத்தான் அதிகக் கூட்டம். பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜோக் அடிப்பார்கள், எனக்கு ஒட்டவில்லை. டோர்ட்முண்ட் கதைகளைப் பாருங்கள், கொஞ்சம் கசப்பாக இருக்கும், ஆனால் அதில்தான் மனிதர்கள் இருக்கிறார்கள். ஆபீஸில் இதைச் சொல்லிவிடாதீர்கள், முக்கியமாக உங்கள் மேலாளர் மூன்ஸ்டர்காரராக இருந்தால்.