பையனாக இருந்திருந்தால்? – கடிதம்

அன்புள்ள அக்கா,

டாம் காட்வினின் 'தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்' பெண்ணை மட்டம்தட்டும் கதை என்று எழுதியிருந்தீர்கள். எரிபொருள் கணக்கு ஆணா பெண்ணா என்று பார்க்காதே? ஒரு பையன் ஏறியிருந்தாலும் செத்திருப்பான். இதில் பெண்ணை எங்கே இழிவுபடுத்தினார்கள்?

– கே.

அன்புள்ள கே.,

முதல்முறை படித்தபோது நானும் அழுதேன். அதனால்தான் அந்தக் கதையை விட முடியவில்லை.

படிக்காதவர்களுக்காக: காய்ச்சலில் கிடக்கும் ஆறு பேருக்கு மருந்து கொண்டுபோகும் சின்ன விண்கலம். எரிபொருள் ஓர் ஆளுக்குத்தான் காணும். அண்ணனைப் பார்க்கும் ஆசையில் 18 வயது மரிலின் ஒளிந்து ஏறிவிடுகிறாள். அவளை வெளியே அனுப்பாவிட்டால் கலம் நொறுங்கும்.

பையன் என்றால் என்ன ஆகியிருக்கும் என்று கதையே சொல்லிவிடுகிறது. பைலட் உடனே வெளியே தள்ளியிருப்பான், ரெண்டு பக்கத்தில் முடிந்திருக்கும். நம்மை அழவைக்க ஒரு பெண் தேவைப்பட்டாள். வெள்ளைச் செருப்பு, சுருட்டை முடி, லேசான சென்ட் வாசனை. பிடிபட்டதும் அபராதம் கட்டுகிறேன் என்கிறாள். சமைப்பேன், துணி தைப்பேன், கொஞ்சம் நர்ஸ் வேலையும் தெரியும் என்கிறாள். ஏறி நிற்கும் கலத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது. அதை விளக்க ஓர் ஆண் இருக்கிறான்.

அப்புறம் அந்தக் கணக்கு. ஓர் ஆள் கூடினால் சாவு என்ற கலத்தின் வாசலில் இருப்பது 'அனுமதியில்லாதவர் நுழையக்கூடாது' என்ற பலகை மட்டும். நுழைந்தால் என்ன ஆகும் என்று அதில் இல்லை. நம்மூர் லிஃப்டில்கூட எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும். இதை இயற்பியல் என்று என்னால் ஏற்க முடியவில்லை, இது அலட்சியம். ஆனால் பழி முழுக்க அவள் அறியாமைமேல் விழுகிறது. காட்வின் அவளைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார். 'அஸ்டவுண்டிங்' என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகையின் ஆசிரியர் ஜான் கேம்பல் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் 1954-ல் அவள் சாகும் வடிவம்தான் அச்சில் வந்தது.

25 வருடம் கழித்து 'ஏலியன்' படம். எந்தப் பாத்திரத்தையும் ஆணோ பெண்ணோ நடிக்கலாம் என்று திரைக்கதையிலேயே குறிப்பு இருந்தது. அதுவும் விண்கலத்தில் நடக்கும் கதை, அங்கேயும் ஒரு கதவு. முகத்தில் ஏதோ ஒட்டிக்கொண்ட ஆளோடு வெளியே நின்று, திற என்கிறார் கேப்டன். 24 மணிநேரம் தனிமைப்படுத்த வேண்டும், திறக்கமாட்டேன் என்கிறாள் உள்ளே இருக்கும் பெண் அதிகாரி ரிப்ளி. உள்ளேயிருக்கும் இன்னொருவன்தான் திறந்துவிடுகிறான்.

அந்தக் காட்சியை ஒருமுறை பாருங்கள். அவளுக்குத் தன் கலம் தெரியும், விதி எதற்கு என்றும் தெரியும். மரிலினை அப்படி எழுதியிருந்தால் அவள் ஏறியிருக்கவே மாட்டாள்.