மைசூர்பா எதற்கு, தம்பி?

கேள்வி: வயது 24, கோயம்புத்தூர். மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வை இரண்டு தடவை எழுதியாயிற்று. கடைசி ஸ்கோர் 372. ஐஐடியில் எம்.டெக். படிக்க ஆசை. வேலையை விட்டுவிட்டு முழுநேரக் கோச்சிங் சேர்ந்து மூன்றாவது முறை எழுதலாமா? பணத்துக்குக் கவலையில்லை, அப்பா ஏலச்சீட்டை எடுத்துத் தருகிறேன் என்கிறார். லேத் பட்டறையில் வேலை செய்கிறார். 'குவாலிஃபைட்' என்று வந்த அன்று பட்டறையில் எல்லாருக்கும் மைசூர்பா கொடுத்தார், அவ்வளவு நம்பிக்கை. எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

பதில்: மூன்றாவது தடவை எழுதலாமா என்று கேட்டு மாதத்துக்கு நாலு கடிதமாவது வருகிறது. கேட் தேர்வுக்கு வயது வரம்பும் இல்லை, இத்தனை தடவைதான் என்ற கணக்கும் இல்லை. எழுதுங்கள், யார் தடுத்தார்கள்? உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது நான் நின்ற இடம் மைசூர்பாதான்.

372-க்கு யாராவது மைசூர்பா கொடுப்பார்களா? இந்தத் தேர்வில் பொதுப்பிரிவுத் தகுதி மதிப்பெண்ணைச் சரியாகத் தொட்டு நிற்பவருக்கே 1000-க்கு 350 ஸ்கோர் வந்துவிடும். நீங்கள் அதற்கு மேல் 22. வாசற்படி ஏறியிருக்கிறீர்கள், அவ்வளவுதான், அதை வைத்துக்கொண்டு ஐஐடி மெக்கானிக்கலை எட்டிப் பார்க்கக்கூட முடியாது. இது உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. நீங்கள் 'குவாலிஃபைட்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள், அவர் அதைப் பாஸ் என்று எடுத்துக்கொண்டார், நீங்களும் திருத்தவில்லை. பெட்டி கைக்கு வந்தபோது ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருப்பீர்கள்!

அதுவும் யாரிடம்? லேத்தில் நிற்கிற மனிதரிடம். மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்து, தலைமுடி அளவு கூடக்குறைய இருந்தாலும் ஜாப் ரிஜெக்ட் என்று தூக்கி ஓரமாகப் போடுகிறவரிடம் போய், அளவைச் சொல்லாமல் "ஓகே" என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். ஸ்கோர் கார்டைக் காட்டியிருந்தால் அவருக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்திருக்கும். எண் புரியாத ஆள் இல்லை அவர்.

பயமாக இருக்கிறது என்கிறீர்களே, தேர்வை நினைத்தா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீட்டுப் பணம் கைக்கு வந்த பிறகு உண்மை தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் அது. வரட்டும், வரவேண்டிய பயம்தான். இந்த விஷயத்தில் நான் பழைய ஆள், அப்பன் காசில் படிப்பதைத் தப்பென்று சொல்லமாட்டேன், ஆனால் காசு வாங்குகிறவன் கணக்கைக் காட்டிவிட்டுத்தான் வாங்க வேண்டும். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தால் எவ்வளவு கழிவு போகும், மீதித் தவணையை எத்தனை மாதம் கட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எதை நம்பி எடுக்கிறோம் என்பதுதான் தெரியாது. பொய் சொல்லவில்லையே என்று எனக்குப் பதில் எழுதாதீர்கள்.

வேலையை விடாதீர்கள். நூறு மதிப்பெண்ணில் 15 பொது ஆப்டிட்யூட், 13 கணிதம். இந்த 28-ஐ ஷிப்ட் முடிந்து வந்து படித்தே தேற்றலாம், கோச்சிங் வேண்டியதில்லை. அப்புறம், போன தேர்வில் நீங்கள் போட்ட விடைகள் இருக்கும் ரெஸ்பான்ஸ் ஷீட்டை எடுத்து விடைக்குறிப்போடு ஒத்துப் பார்த்தீர்களா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, பார்த்திருக்கமாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் ஒரு மதிப்பெண்ணுக்குத் தப்பாகப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு போகும், இரண்டு மதிப்பெண் கேள்வி என்றால் மூன்றில் இரண்டு. எண்ணை நாமே அடிக்கிற கேள்வியில் தப்புக்குக் கழிவே இல்லை. எங்கே குருட்டாம்போக்கில் போட்டு இழந்தீர்கள், எங்கே சும்மா விட்டீர்கள் என்று உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். அப்பாவிடம் மறைத்ததைப் போலவே உங்களிடமும் மறைத்து வைத்திருக்கிறீர்கள், தம்பி.

அடுத்த சீட்டு ஏலம் என்றைக்கு என்று நீங்கள் எழுதவில்லை. என்றைக்காக இருந்தாலும் சரி, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஸ்கோர் கார்டையும் ரெஸ்பான்ஸ் ஷீட்டையும் பிரிண்ட் எடுத்து அப்பா கையில் கொடுங்கள். 350 என்றால் என்ன, 372 என்றால் என்ன என்று சொல்லுங்கள். சீட்டை எடுப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.