டேட்டா அனாலிட்டிக்ஸ் கற்க ஆர்வத்தை வளர்த்துக்கொள்வது எப்படி?

வகுப்பில் சேர்கிறேன், இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறேன், ஆர்வம் நிலைக்க என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இரண்டு முறை பாதியில் விட்டவன்தான்.

இணைய வகுப்பில் எனக்கு முதலில் தந்தது ஐரிஸ் பூக்களின் அட்டவணை. 1936-இல் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் தன் கட்டுரையில் பயன்படுத்திய 150 பூக்களின் அளவுகள். பயிற்சிக்கு நல்ல தரவுதான். ஆனால் ஒரு இதழின் நீளம் 1.4 என்பதற்குப் பதில் 4.1 என்று மாறியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. அந்தப் பூவை நான் பார்த்ததே இல்லை.

எனக்குப் பிடிப்பு வந்தது அப்பாவின் டைரிகளால். நாங்கள் டெல்டாவில் கடைமடைப் பக்கம். உரக்கடையில் கொடுக்கும் டைரியில் அப்பா தினமும் பேப்பரைப் பார்த்து மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் இருப்பையும் எழுதி வைப்பார். குறுவைக்கு ஜூன் 12-இல் திறக்க வேண்டிய அணை. 'முன்னெல்லாம் தேதி தவறாது' என்று அவர் சொல்லும்போதெல்லாம், சரி, எத்தனை வருடம் தவறியது என்று எண்ணிப் பார்க்கத் தோன்றியது. அவ்வளவுதான் தொடக்கம்.

ஒரு விடுமுறையில் டைரிகளை எக்செல்லில் ஏற்றினேன். 2012 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட ஜூன் 12-இல் திறக்கவில்லை. 2017-இல் அக்டோபர் 2 ஆகிவிட்டது. 2020-இல்தான் மறுபடி அந்தத் தேதிக்குத் திறந்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் வரிசையாக ஒரே நெடுவரிசையில் பார்த்தபோது மனசு கனத்துப்போனது.

அப்புறம் வரைபடம் போட்டு அப்பாவிடம் காட்டினேன். 2018 ஆகஸ்ட்டில் கோடு ஒரே நாளில் தரைக்கு விழுந்து மறுநாள் மேலே ஏறியிருந்தது. அப்பா அங்கே விரலை வைத்தார். "இது தப்பு தம்பி. அந்த ஆகஸ்ட்டுலதானே முக்கொம்புல மதகு அடிச்சிட்டுப் போச்சு. அணை நிறைஞ்சு நின்ன நேரம்." பார்த்தால், 120 என்பதை 12 என்று ஏற்றியிருக்கிறேன். தரவைச் சுத்தம் செய்வது என்று பாடத்தில் தூங்க வைத்த பகுதி அன்றைக்குத்தான் புரிந்தது. தரவு பேசும் விஷயம் தெரிந்தவர் கண்ணுக்குத் தப்பு தானாகவே படும்.

அடுத்து, மட்டத்தையும் இருப்பையும் எதிரெதிரே வைத்துப் புள்ளிகளாகப் போட்டேன். நேர்கோடு வரும் என்று நினைத்தேன், வளைந்த கோடு வந்தது. 120 அடிக்கு 93.47 டிஎம்சி. பாதி மட்டமான 60 அடிக்குப் பாதித் தண்ணீர் இல்லை, ஏறக்குறைய 25 டிஎம்சிதான். அணையின் அடிப்பகுதி குறுகல், மேலே போகப் போக நீர் பரந்து நிற்கிறது. அந்த வளைவுக்குச் சூத்திரம் தேடிப் போய்த்தான், புள்ளிகளுக்குப் பொருந்தும் கோட்டைக் கண்டுபிடிக்கும் ரிக்ரெஷன் முறையைப் படித்தேன். எக்செல் திணற ஆரம்பித்ததும் பைத்தான் நிரல்மொழியும், அதில் அட்டவணைகளைக் கையாள உதவும் பாண்டாஸும் வந்தன. தேவை முன்னால் நின்றதால் எதுவும் பாரமாகத் தெரியவில்லை.

அதனால் எந்தக் கருவியை முதலில் படிப்பது என்ற கவலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் வீட்டு மின்கட்டணமோ, அம்மாவின் சர்க்கரை அளவோ, கடைக் கணக்கோ, ஒரு எண் தப்பாக இருந்தால் உங்களுக்கே உறுத்தும் தரவாக எடுங்கள். அதில் உங்களுக்கு உண்மையாகவே விடை வேண்டிய ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். நான் கண்ட வரையில் சான்றிதழுக்காகத் தொடங்குபவர்கள் பாதியில் நிறுத்துகிறார்கள், விடைக்காகத் தொடங்குபவர்கள் தொடர்கிறார்கள்.

இப்போது வேறொரு கேள்வியில் இருக்கிறேன். மேட்டூரில் திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அங்கிருந்து எங்கள் வாய்க்காலுக்கு வர எத்தனை நாள் என்பது வருடத்துக்கு வருடம் மாறுகிறது. தண்ணீர் வந்த நாளிலெல்லாம் அப்பா டைரியில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருக்கிறார். அவற்றைத்தான் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.