பவர் கொடுத்தேன், சித்தப்பா கணக்குக் காட்ட மறுக்கிறார்

கேள்வி: குவைத்தில் டிரைவராக இருக்கிறேன். சிவகங்கை பக்கத்தில் எனக்கு மூன்று மனைகள். 2023-இல் லீவில் வந்தபோது, விற்றுத் தரச் சொல்லி சித்தப்பாவுக்குப் பவர் பதிவு செய்து கொடுத்தேன். ஒன்றை வெளியாளுக்கு விற்றார். பணத்தைக் கேட்டால் 'அப்புறம் பேசிக்கலாம்' என்று வாட்ஸ்அப்பில் பதில் வருகிறது. இரண்டாவதைத் தன் மகன் பெயருக்கே கிரயம் எழுதிவிட்டார். மூன்றாவதாவது எனக்கு மிஞ்சுமா?

பதில்: மிஞ்சும். ஆனால் இந்த வாரமே பவரை ரத்து செய்ய வேண்டும். பவர் பதிவான அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதிவாகட்டும். லீவு கிடைக்காவிட்டால் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அந்தப் பத்திரம் இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். ரத்து செய்ததைச் சித்தப்பாவுக்குப் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள். அவருக்குத் தெரியும்வரை ரத்து அவரைக் கட்டுப்படுத்தாது. மனை வாங்க வருபவருக்கும் அப்படித்தான். அதனால் நாளிதழில் ஓர் அறிவிப்பும் கொடுத்துவிடுங்கள்.

அதற்கு முன் பவர் பத்திரத்தை ஒருமுறை வரி வரியாகப் படியுங்கள். சித்தப்பாவிடம் நீங்கள் 'தொகை பெற்றுக்கொண்டேன்' என்று எங்காவது எழுதியிருந்தால், மனையில் தனக்கும் பாத்தியதை உண்டு என்று அவர் வாதிடுவார். அப்போது ரத்து செய்வது இவ்வளவு சுலபமாக இருக்காது.

முதல் மனையை வாங்கியவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நீங்கள் கொடுத்த அதிகாரத்தை நம்பிப் பணம் கொடுத்தவர் அவர். அந்தக் கிரயம் உங்களைக் கட்டுப்படுத்தும். பணத்தைச் சித்தப்பாவிடம்தான் கேட்க வேண்டும். பவர் வாங்கியவர் சட்டப்படி உங்கள் முகவர்; நீங்கள் கேட்டபோது முகவர் கணக்குக் காட்டியாக வேண்டும் என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு. செலவும் பேசிய கூலியும் போக மீதி முழுதும் உங்கள் பணம். சொந்தத்துக்குள் என்ன கணக்கு என்ற பேச்செல்லாம் கோர்ட்டில் எடுபடாது.

இரண்டாவது மனைதான் என்னை வருத்துகிறது. உங்களுக்காக விற்க வேண்டியவர், உங்களிடம் சொல்லாமல் தன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டிருக்கிறார். உண்மையை மறைத்தோ உங்களுக்கு நஷ்டம் வரும்படியோ முகவர் தனக்கே வாங்கிக்கொண்டால், அதை ஏற்க மறுக்க 215-ஆம் பிரிவு இடம் தருகிறது. மகனை முன்னிறுத்தித் தானே வாங்கினார் என்று நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகல் எடுத்து, என்ன விலை, ரொக்கமா செக்கா, யார் கணக்கிலிருந்து போனது என்று பாருங்கள். அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கோரும் வழக்கை, விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும்.

சரி, அந்த வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். போனை மாற்றினாலும் பழைய போனைப் பத்திரமாக வையுங்கள்.