கொரோனா பெருந்தொற்றின்போது வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் நோய் அதிகமாகப் பரவியதற்கு, அவர்கள் உள்ளூர் மக்களோடு கலக்காமல் தனித்து வாழ்ந்ததுதான் காரணமா?

நான் 2014 முதல் 2022 வரை சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருந்தவன். அதில் பெரும்பகுதியைத் தீவின் மேற்கு ஓரத்தில் இருந்த ஒரு பெரிய தங்கும் விடுதியில், பதினாறு பேர் படுக்கும் அறையில் கழித்தேன். மருத்துவம் படித்தவன் இல்லை என்பதால் கிருமியைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது. அந்த அறையைப் பற்றிச் சொல்ல முடியும். உங்கள் கேள்விக்கான விடையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

2020இன் தொடக்கத்தில் சிங்கப்பூர் விடுதிகளில் ஏறத்தாழ 3,23,000 தொழிலாளர்கள் இருந்தோம். ஏப்ரல் 5ஆம் தேதி, பொங்கோலில் உள்ள எஸ்11 விடுதியும் தோ குவானில் உள்ள வெஸ்ட்லைட் விடுதியும் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 20,000 பேர் உள்ளே இருந்தார்கள். ஏப்ரல் 20ஆம் தேதி ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று உறுதியானபோது, அவர்களில் சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்து 16 பேர்தான். அந்த ஆண்டு டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்கின்படி, பிசிஆர் சோதனையில் தொற்று உறுதியானவர்கள் 54,505 பேர். தொற்று வந்து போனது பின்னர் ரத்தப் பரிசோதனையில் தெரியவந்தவர்கள் 98,289 பேர். கூட்டிப் பார்த்தால் விடுதிவாசிகளில் 47 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய இரண்டு கட்டிலுக்கு ஒன்று.

இந்த எண்களைப் பார்ப்பவர்களுக்கு, ஒட்டாமல் வாழ்கிறவர்களுடைய பழக்கவழக்கங்களே நோயை வரவழைத்தன என்று தோன்றிவிடுகிறது. அந்த ஏப்ரலிலேயே அங்குள்ள சீன நாளிதழ் ஒன்றில் தொழிலாளர்களின் சுத்தமின்மையைக் குறைசொல்லி வாசகர் கடிதம் ஒன்று வெளிவந்தது, அமைச்சர் கா. சண்முகம் அதை வெளிப்படையாகவே கண்டித்தார். அவர் கண்டித்தது சரி. ஆனாலும் அந்தக் கடிதத்தில் இருந்த எண்ணம் இன்றும் பலருடைய மனத்தில் இருக்கிறது என்பதால், எங்கள் அறையைக் கொஞ்சம் காட்ட வேண்டியிருக்கிறது.

எட்டு இரண்டடுக்குக் கட்டில்கள், இரும்பால் ஆனவை. கீழ்த்தட்டில் படுப்பவர் மறைப்புக்காகக் கைலியையோ பழைய போர்வையையோ கயிற்றில் தொங்கவிட்டிருப்பார். ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் இடையில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கே இடம் இருக்கும். அக்கால விதியின்படி பதினைந்து பேருக்கு ஒரு கழிப்பறை, ஒரு குளியலறை என்று இருந்தாலே போதும். விடியற்காலை நாலரை மணிக்கு அந்தப் பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் குளிக்க வேண்டும். ஐந்தரைக்கு லாரி வந்துவிடும். லாரியின் பின்தட்டில் இருபது பேருக்குமேல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து போவோம். மாலையில் திரும்பி வந்தால், மாடிக்கு ஒன்றாக இருந்த பொதுச் சமையலறையில் அடுப்புக்கு வரிசையில் நிற்க வேண்டும். "ஒரு மீட்டர் இடைவெளி விட்டு நில்லுங்கள்" என்று மார்ச் மாதம் சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்து எங்கள் அறையில் எல்லாரும் சிரித்தோம். இடைவெளி விட வேண்டுமென்றால் பாதிப் பேர் கட்டிடத்தைவிட்டே வெளியேற வேண்டும். சோப்புப் போட்டுக் கை கழுவாதவன் என்று எங்கள் அறையில் ஒருவனும் இல்லை. சிமெண்டில் வேலை செய்கிறவனுக்குக் கை கழுவ யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி, ஒட்டாமல் வாழ்ந்தோம் என்பதற்கு வருகிறேன். அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒட்டக்கூடாது என்பது எங்கள் முடிவாக இருக்கவில்லை. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் மனைவி மக்களை அழைத்து வர முடியாது. எத்தனை ஆண்டுகள் வேலை செய்தாலும் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நிரந்தரவாசி ஆக முடியாது. சிங்கப்பூரரைத் திருமணம் செய்வதென்றால் அரசின் அனுமதி வேண்டும். இந்தியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வரும் ஒவ்வொருவருக்காகவும் முதலாளி அரசுக்கு 5,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) பிணைப்பத்திரம் கொடுக்கிறார். எப்போது வேண்டுமானாலும் திருப்பி அனுப்பப்படலாம் என்ற ஏற்பாட்டில் வந்தவர்களை நோக்கி ஏன் ஒன்றிப்போகவில்லை என்று கேட்பது, வாசலில் நிற்கவைத்துவிட்டு ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பதுபோல் இருக்கிறது.

விடுதிகள் ஊருக்கு ஒதுக்குப்புறமாக அமைந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. 2008இல் செராங்கூன் கார்டன்ஸ் குடியிருப்பில், பயன்படாமல் கிடந்த ஒரு பள்ளிக் கட்டிடத்தைத் தொழிலாளர் விடுதியாக மாற்றப்போவதாகப் பேச்சு எழுந்தபோது, அங்கே வசித்தவர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். கடைசியில் விடுதி திறக்கப்பட்டது. ஆனால் தொழிலாளர்கள் குடியிருப்புத் தெருக்கள் வழியாக வராதபடி தனிச் சாலை ஒன்றும் போடப்பட்டது. 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில், எங்கள் பேச்சில் அதன் பெயர் எப்போதும் தேக்காதான், கலவரம் நடந்தபிறகு கடை, சினிமா, விளையாட்டுத் திடல் எல்லாவற்றையும் விடுதிக்குள்ளேயே அமைத்துக்கொடுத்து, வெளியே வரும் தேவையைக் குறைக்கும் போக்கு வலுத்தது. வசதி கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். நானே அந்தத் திடலில் கிரிக்கெட் ஆடியிருக்கிறேன். ஆனால் ஆயிரக்கணக்கானவர்களை ஒரே வேலிக்குள் வைப்பது நிர்வாகத்துக்கு எவ்வளவு எளிதோ, அந்த அளவுக்குக் கிருமிக்கும் எளிது.

இந்த இடத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச் கடைசியில் எனக்கு மேல்தட்டில் படுத்திருந்த புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவருக்கு இரவில் நல்ல காய்ச்சல். கட்டில் நடுங்குவதை வைத்தே எனக்குத் தெரிந்தது. காலையில் இரண்டு பனடால் மாத்திரையை விழுங்கிவிட்டு லாரியில் ஏறிவிட்டார். மருத்துவரைப் பார்த்து எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்று, எடுக்கச் சொன்னேன். எம்சி எடுத்தால் ஓ.டி. எனப்படும் கூடுதல் நேர வேலைக்கான சம்பளம் போய்விடும். ஓ.டி. இல்லாத சம்பளத்தில் ஊருக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. அடிக்கடி எம்சி எடுப்பவனின் பர்மிட்டை முதலாளி வெட்டிவிடுவார் என்ற பயம் வேறு. டெஸ்ட் அடித்து (வேலைத்திறன் தேர்வில் தேறி), ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வந்தவர்; மூன்று லட்சம் ரூபாய்க் கடன் அப்போதும் பாக்கி இருந்தது. அவர் பள்ளியிறுதி வரை படித்தவர், செய்தித்தாளை ஒரு வரி விடாமல் வாசிப்பவர். கிருமி எப்படிப் பரவும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். இதை அறியாமை என்றோ கலாச்சாரம் என்றோ சொல்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. அந்த மார்ச் மாதம்தான் டிடபிள்யூசி2 என்ற தொழிலாளர் நல அமைப்பு, இந்த நெரிசலில் தொழிலாளர்களிடையே தொற்று பரவும் அபாயத்தை மறுக்க முடியாது என்று ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழுக்குக் கடிதம் எழுதியிருந்தது. இரண்டு வாரங்களில் அது நடந்தே விட்டது.

மொழி தெரியாததால் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை என்றும் ஒரு விளக்கம் உண்டு. அது வேறு ஊர்களில் பொருந்தக்கூடும். ஸ்வீடனில் 2020 மார்ச்சில் ஸ்டாக்ஹோம் பகுதியில் இறந்த முதல் 15 பேரில் 6 பேர் சோமாலிய வம்சாவளியினர் என்று சோமாலிய மருத்துவர் சங்கம் எச்சரித்தபோது, அவரவர் மொழியில் தகவல் தாமதமாக வந்ததும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. சிங்கப்பூரில் தமிழனுக்கு அந்தச் சாக்கு கிடையாது. தமிழ் அங்கே ஆட்சிமொழி. நாளிதழ் உண்டு, ஒலி 96.8 வானொலி உண்டு, அரசு அறிவிப்புகள் தமிழிலும் வந்தன. வங்காளிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லாததால் தன்னார்வலர்களும் மொழிபெயர்த்து உதவினார்கள். ஆனால் எங்கள் மாடியில் தமிழர் அறைக்கும் வங்காளி அறைக்கும் வித்தியாசம் பார்க்காமல் தொற்று நுழைந்தது. தகவல் கையில் இருந்தும் அதன்படி நடக்க இடமில்லை.

அதற்குப் பிறகு சிங்கப்பூர் செய்ததில் பாராட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. சிகிச்சைக்கு எங்களிடம் ஒரு காசு வாங்கவில்லை. விடுதிக்குள்ளேயே மருத்துவக் குழுக்கள் வந்தன. விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் கொடுத்தார்கள். எக்ஸ்போ கண்காட்சி மண்டபத்தில் ஆயிரக்கணக்கில் படுக்கைகள் போட்டார்கள். பெரும்பாலோர் இளவயதினர் என்பதோடு இந்த ஏற்பாடும் சேர்ந்ததால் இறப்பு மிகமிகக் குறைவாகவே இருந்தது. உணவு மட்டும் முதல் சில வாரங்கள் தடுமாறியது. காலை உணவு பதினொரு மணிக்கும் மதிய உணவு மூன்றரைக்கும் வந்த நாட்கள் உண்டு. அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன்.

என்னை உறுத்தியது வேறு. தினமும் மாலையில் வந்த கணக்கில் "சமூகத்தில்" இத்தனை பேர், "விடுதிகளில்" இத்தனை பேர் என்று இரண்டு வரிகள் இருக்கும். எட்டு ஆண்டுகளில் நான் கம்பி கட்டிய அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள் முதல் வரியில். நான் இரண்டாவது வரியில். அந்தப் பிரிவினை காகிதத்தோடு நிற்கவுமில்லை. சர்க்யூட் பிரேக்கர் என்று அங்கே பெயரிட்ட ஊரடங்கு 2020 ஜூன் 1ஆம் தேதி முடிந்து, ஊர் படிப்படியாகக் கடைவீதிக்குத் திரும்பியது. விடுதிவாசிகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இரண்டு தடுப்பூசியும் போட்டு முடித்திருந்த 2021 செப்டம்பரில்தான், வாரத்துக்கு 500 பேர் வரை சில மணி நேரம் லிட்டில் இந்தியா போய்வர ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. எனக்கு முறை வந்தது மாதங்கள் கழித்து. வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் பத்து நிமிடம் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

விதிகள் இப்போது மாறியிருக்கின்றன. புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்கு அதிகபட்சம் பன்னிரண்டு பேர், ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை என்பது 2021இல் வந்தது; பழைய விடுதிகள் 2030க்குள் மேம்பட வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து தொழிலாளர்களுக்கென்று முதல்நிலை மருத்துவத் திட்டமும் நடைமுறையில் இருக்கிறது. லாரி மட்டும் அப்படியே ஓடுகிறது. சித்தப்பா மகன் சென்ற ஆண்டு அங்கே போனான். அறையின் படத்தை அனுப்பியிருந்தான், என் அறையைவிட எவ்வளவோ மேல். காய்ச்சல் வந்தால் மறைக்காமல் உடனே சொல்லிவிடு என்று போனில் சொன்னேன். "ஏஜெண்டு கடன் முடியட்டும்ணே, அப்புறம் சொல்லிக்கலாம்" என்றான்.