தாத்தாவின் மரணத்துக்குக் குண்டுவீச்சு அறிக்கை சான்றாகுமா?

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் அம்மாவைப் பெற்ற தாத்தா, ஜப்பான்காரன் காலத்தில் சிலாங்கூர்த் தோட்டம் ஒன்றிலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டார், திரும்பவில்லை. ரயில் பாதையில் குண்டு விழுந்து இறந்துபோனார் என்று, உயிரோடு திரும்பிய ஒருவர் பாட்டியிடம் சொன்னாராம். இப்போது ஒருவர் வீடு தேடி வந்து, 1943 ஜூனில் அமெரிக்க இலகுரகக் குண்டுவீச்சு அணி ஒன்று கின்சாயோக் முகாம் அருகே ரயில் பாதையைத் தாக்கிய அறிக்கை தம்மிடம் இருப்பதாகவும், அதைக் கொண்டு மரணச் சான்று வாங்கி ஜப்பானிடம் இழப்பீடு பெற்றுத் தருவதாகவும் சொல்கிறார். 4,500 ரிங்கிட் கேட்கிறார். இந்த மாதத்தோடு கெடு முடிகிறதாம். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள், அம்மா. முன்பணமாக நூறு ரிங்கிட்கூட வேண்டாம். உங்கள் அடையாள அட்டை, பிறப்புச் சான்று போன்ற மூலப் பத்திரங்களை அவரிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள். காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்டு, மரணப் பாதை என்று பெயர்பெற்ற ரயில் பாதையில், சயாம் பக்கத்து முகாம் கின்சாயோக். முதலில் அந்தக் காகிதம் மெய்யாக இருக்க முடியுமா என்று பார்ப்போம். அமெரிக்க விமானப்படை அக்காலத்தில் தன் குண்டுவீச்சு அணிகளை இலகுரகம், நடுத்தரம், கனரகம் என்று பிரித்திருந்தது. ஓர் அணி என்றால் பெரும்பாலும் நான்கு ஸ்குவாட்ரன்கள், அதாவது விமானப் பிரிவுகள். இலகுரகம் என்று பெயரிட்டுத் தொடங்கப்பட்ட அணிகளில் இந்தியாவுக்கு வந்த 311ஆம் அணி, 1943 செப்டம்பர் வாக்கில்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் அதன் பெயரும் வேலையும் மாற்றப்பட்டு, ஒற்றை எஞ்சின் போர் விமானங்களோடு அசாமிலிருந்து வட பர்மாவின் மேல் பறந்துகொண்டிருந்தது. ஆகவே 1943 ஜூனில் இந்தியாவிலிருந்து சயாமுக்குப் பறந்த அமெரிக்க இலகுரகக் குண்டுவீச்சு அணி என்று ஒன்று இல்லை.

தரகர் உடனே, "இலகுரகம் என்பது எழுத்துப் பிழை, நடுத்தர ரகம் என்று இருக்க வேண்டும்" என்று மாற்றிச் சொல்லக்கூடும். அதற்கும் வரைபடமே பதில் சொல்லும். நடுத்தர ரகமான பி-25 மிட்செல் விமானம், தொட்டி நிறைய எரிபொருளோடு ஏறத்தாழ 2,170 கிலோமீட்டர் பறக்கும். வங்காளத்தின் கிழக்கோரத்தில் உள்ள சிட்டகாங்கிலிருந்து கின்சாயோக் 1,100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. போகவும் வரவும் கணக்கிட்டால், குண்டுச் சுமையையும் வழியில் சுற்ற நேரும் தூரத்தையும் சேர்க்காமலே அந்த விமானத்தின் எல்லை தாண்டிவிடுகிறது. அந்தப் பாதைக்குப் போய்த் திரும்பக்கூடியவையாக அன்று இருந்தவை நான்கு எஞ்சின் கொண்ட பி-24 லிபரேட்டர் என்ற கனரக விமானங்கள்தாம். இந்தத் தூரக் கணக்கைச் செய்து பார்க்காத ஒருவர் தயாரித்த காகிதத்தையே உங்களிடம் காட்டியிருக்கிறார்கள்.

இருந்தாலும், அறிக்கை அசலாகவே இருந்தாலும் அது உங்களுக்கு உதவாது என்பதுதான் நீங்கள் அறிய வேண்டிய பெரிய விஷயம். அசல் அறிக்கை எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 1944 புத்தாண்டு நாளன்று, 341ஆம் குண்டுவீச்சு அணியைச் சேர்ந்த 490ஆம் ஸ்குவாட்ரன், மத்திய பர்மாவில் மோனிவாவுக்கும் யே-ஊவுக்கும் இடையே மூ ஆற்றின் மேலுள்ள ரயில் பாலத்தைத் தாக்கப் போனது. அது இலகுரக அணி அல்ல, நடுத்தர ரக அணி. ஆனால் தாழப் பறந்து ரயில் பாலத்தை அடிப்பதே அதன் வேலையாக இருந்தது. அதற்கு முன் பல மாதங்களாக அவர்களுக்குப் பாலங்கள் சிக்கவில்லை. உயரத்திலிருந்து போட்டால், ஒற்றைத் தண்டவாள அகலமே உள்ள பாலம் தப்பிவிடும். தரையோடு தரையாகப் பறந்து போட்டால், குண்டு நீரிலோ மண்ணிலோ பட்டுத் துள்ளிப் பாலத்தைத் தாண்டிப் போய்விடும். அன்று மேஜர் ராபர்ட் எர்டின், இலக்கை நெருங்கும்போது குறுக்கே வந்த தடையைத் தவிர்க்க விமானத்தைச் சட்டென்று மேலே தூக்கி, மறுபடியும் மூக்கைத் தாழ்த்திய கணத்தில் குண்டுகளை விட்டார். சாய்வாக இறங்கிய அவை துள்ளவில்லை. பாலத்தின் இரண்டு கண்கள் ஆற்றில் சரிந்தன. தற்செயலாகக் கிடைத்த அந்தச் சாய்வையே பிறகு முறையாகப் பயின்று, அந்த ஸ்குவாட்ரன் பர்மாவின் பாலங்களை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தியது. பாலம் உடைப்பவர்கள் என்ற பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது.

இத்தகைய ஒரு நாளைப் பற்றிய பதிவில் விமானத்தின் எண், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், எத்தனை குண்டு, ஒவ்வொன்றும் எத்தனை ராத்தல், எந்த உயரத்திலிருந்து, மேகம் எவ்வளவு, தரையிலிருந்து சுட்டார்களா, எத்தனை கண்கள் விழுந்தன என்பவை இருக்கும். விமானத்தில் இருந்தவர்களின் பெயர்கள் இருக்கும். பாலத்தின் கீழே கல் சுமந்துகொண்டிருந்தவன் யார், அவன் எந்த ஊர், அவனுக்கு எத்தனை பிள்ளை என்ற செய்தி எதுவும் இருக்காது. மேலே பறந்தவனுக்கு அது தெரியவும் தெரியாது. எத்தனையோ பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறேன். குண்டு போட்டவர்களின் ஏட்டில் இறந்த தமிழர் ஒருவரின் பெயரை நான் கண்டதே இல்லை. "பெயரைச் சேர்த்துத் தருகிறேன்" என்று தரகர் சொல்வது, பழைய ஆவணத்தில் புதிதாக ஒரு வரி எழுதித் தருகிறேன் என்பதற்குச் சமம். அது போலி ஆவணம். அதை அலுவலகத்தில் நீட்டும்போது கை உங்களுடையதாக இருக்கும்.

நிழற்படங்களைக் கொண்டு செய்யப்படும் ஏமாற்றும் ஒன்று உண்டு. பாலத்தின் மேல் குண்டு வெடிக்கும் வான்வழிப் படத்தைக் காட்டி, இது இரகசியக் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பார்கள். அமெரிக்க விமானப்படை எடுத்த அத்தகைய படங்கள் அந்நாட்டின் தேசிய ஆவணக் காப்பகத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கின்றன. அணிகளின் வரலாற்றுப் பதிவுகள் அலபாமா மாநிலத்தில் மேக்ஸ்வெல் தளத்திலுள்ள விமானப்படை வரலாற்று ஆய்வகத்தில் இருக்கின்றன. பிரித்தானிய ஸ்குவாட்ரன்களின் நாளேடுகள் லண்டனை ஒட்டிய கியூ என்ற இடத்தில், அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கேட்டு எழுத எந்தத் தரகரும் தேவையில்லை.

இனி இழப்பீடு. மரணப் பாதையில் வேலை செய்த மலாயாத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் இன்று மனுப்போட்டுப் பெறக்கூடிய ஜப்பானிய நிதி எதுவும் இல்லை. எனவே கெடு என்ற பேச்சுக்கும் இடமில்லை. 1967இல் ஜப்பானும் மலேசியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 2 கோடியே 50 லட்சம் மலேசிய டாலர் மதிப்புள்ள பொருள்களாகவும் சேவைகளாகவும் அரசுக்கு அரசு கொடுத்து, விவகாரம் தீர்ந்தது என்று எழுதிவிட்டார்கள். தண்டவாளத்துக்கடியில் புதைந்தவனின் வீட்டுக்கு அதிலிருந்து ஒரு காசும் வந்து சேரவில்லை. 1946இல் பாதையின் சயாம் பகுதியைச் சயாம் அரசுக்கே பிரித்தானியர் 12 லட்சத்து 50 ஆயிரம் பவுனுக்கு விற்றார்கள். விலை பேசத் தெரிந்தவர்களுக்கு விதவைகளின் பட்டியல் ஒன்று எடுக்கத் தெரியவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதை மறைக்க விரும்பவில்லை. மலாயாவிலிருந்து கொண்டுபோனவர்கள் ஏறத்தாழ 78,000 பேர், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்; இறந்தவர்கள் 30,000 பேரளவில் என்று போருக்குப் பிந்தைய கணக்கே ஒப்புக்கொள்கிறது, உண்மை அதற்கும் மேலே என்று கருதுபவர்கள் பலர். இத்தனை பேருக்கும் பெயர்ப் பதிவேடு இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில், தந்தை எப்போது இறந்தார் என்று தேடிக் கேட்கப் போன முதியவர் ஒருவரிடம், மனுவோடு தந்தையின் மரணச் சான்றை இணைக்கவேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். நான் அருகில் நின்றிருந்தேன். இப்படித் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள்தான் வாசலில் நிற்கும் தரகரிடம் போய் விழுகிறார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு; இதைப் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் தாத்தா தோட்டத்தொழிலாளியாக இல்லாமல், பிரித்தானிய இந்தியப் படையில் சிப்பாயாகவோ, மலாயாத் தொண்டர் படையில் பதிவு பெற்றவராகவோ இருந்திருந்தால், நிலைமை வேறு. அப்போது அவருக்கு ஒரு படை எண் இருக்கும், படைப்பிரிவின் பெயர் இருக்கும், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் அவர் பெயரைக் கட்டணமின்றித் தேடலாம். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. பிரிக்கப்படாத இந்தியப் படையைச் சேர்ந்தவர்களில், தாய்லாந்தின் முஸ்லிம் இடுகாடுகளில் புதைக்கப்பட்டு, கல்லறைகளைப் பராமரிக்க இயலாமல் போன 11 பேரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. பதினொரு பெயர். படையில் எண் இருந்ததால் அந்தப் பதினொருவருக்குக் கல் கிடைத்தது. 2000இல் பிரித்தானிய அரசு அறிவித்த 10,000 பவுன் தொகையும் இப்படியே, ஜப்பானியரிடம் சிறைப்பட்ட முன்னாள் படைவீரர் முதலானோருக்கும், அவர்கள் இல்லாத இடத்தில் விதவைகளுக்கும் மட்டும்; பேரப்பிள்ளைகளுக்கு அன்று. ஆகவே வீட்டில் பழைய படைச் சீருடை பொத்தான், சம்பளப் புத்தகம், பதக்கம், எண் எழுதிய தகடு ஏதேனும் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவர் தோட்டத்திலிருந்து நேரே பிடித்துச் செல்லப்பட்டவர் என்றே தோன்றுகிறது. அப்படியானால் இந்த வழி உங்களுக்குத் திறக்காது.

பாட்டிக்குக் கிடைத்த செய்தி பொய் என்று நான் சொல்லவில்லை. அது பெரும்பாலும் உண்மையாக இருக்கலாம்; காலம் மட்டுமே இடிக்கிறது. 415 கிலோமீட்டர் பாதை இரு முனையிலிருந்தும் போடப்பட்டு 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்த்தா அருகே இணைந்தது. அந்த மே, ஜூன் மாதங்களில் சயாம் பக்கத்து முகாம்களில் மழையும் காலராவும் சேர்ந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போயின. குண்டு அப்போது விழுந்தது பர்மா முனையில்: தான்பியூசயாத்தில் ரயில் யார்டும் பணிமனையும் கைதிகளின் முகாமுக்கு அருகிலேயே இருந்ததால், 1943 மார்ச்சிலும் ஜூனிலும் நடந்த தாக்குதல்களில் கைதிகள் பலர் இறந்து, முகாமையே காலிசெய்ய நேர்ந்தது. சயாம் பக்கத்தில் பெருந்தாக்குதல்கள் பின்னால் வந்தன. 1944 செப்டம்பரில் நோங் பிளாடுக் யார்டைத் தாக்கியபோது பக்கத்து முகாமில் குண்டு விழுந்தது; அதே ஆண்டு நவம்பர் இறுதியில் தா மக்காம் பாலத்தருகே மீண்டும் அதுவே நடந்தது. பாதை முடிந்த பிறகும் தொழிலாளர் பலரைத் திருப்பி அனுப்பாமல், தண்டவாளம் செப்பனிடவும் எஞ்சினுக்கு விறகு வெட்டவும் அங்கேயே நிறுத்திவைத்தார்கள். உடைந்த பாதையை மறுநாளே சீர்செய்ய அனுப்பப்பட்டவர்களும் இவர்களே.

ஆகவே, உங்கள் குடும்பத்து மூத்தவர்களிடம் தேதி கேட்காதீர்கள். தேதியை யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். தீபாவளியைக் கேளுங்கள். பாதை இணைந்ததும் 1943ஆம் ஆண்டுத் தீபாவளியும் ஏறத்தாழப் பத்து நாள் இடைவெளியில் வந்தன. "போன பிறகு வந்த முதல் தீபாவளிக்கு ஆள் உயிரோடு இருந்ததாகச் சேதி வந்தது" என்று யாரேனும் சொன்னால், குண்டில் இறந்தார் என்பது பெரிதும் பொருந்தும். அதற்கு முன்பே என்றால் காலராவையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். யார் சொன்னார், அவர் எந்தத் தோட்டம், எந்த முகாமில் தாத்தாவோடு இருந்தார் என்பவற்றைச் சொல்பவரின் வார்த்தைகளிலேயே எழுதி, கீழே கையொப்பமோ கைநாட்டோ வாங்கி, நாள் இட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலையில் இதைவிட வலுவான ஆவணம் கிடைப்பது அரிது.

அடுத்ததாகக் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். 1945, 46ஆம் ஆண்டுகளின் பிரித்தானிய இராணுவ நிர்வாகக் கோப்புகளையும் தொழிலாளர் இலாகாக் கோப்புகளையும் தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஆள் பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். தோட்டத்தின் பழைய கூலிப் பதிவேடான செக்ரோல் புத்தகம் எங்கேனும் தப்பியிருந்தால், எந்த மாதத்தில் அவர் பெயருக்கு நேரே கூலி நின்றது என்பதைக் கொண்டு அவர் கொண்டுபோகப்பட்ட மாதத்தைக் கண்டுபிடிக்கலாம். தோட்டக் கணக்கர்களான கிராணிமார் தமிழ்ப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியவர்கள். முனியாண்டி என்ற ஒரே பெயர் ஒரே புத்தகத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகையால் தாத்தாவின் பெயரோடு அவருடைய தகப்பனார் பெயரையும், உடன் போன கங்காணி பெயரையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

தரகர் மறுபடி வந்தால், அந்த அறிக்கை எந்தக் காப்பகத்தில் எந்தக் கோப்பு எண்ணில் இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தந்தால் அந்த எண்ணை எனக்கு அனுப்புங்கள். நானே பார்த்துச் சொல்கிறேன். தர மறுத்தால், அவர் காட்டிய காகிதத்தின் படத்தோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். உங்கள் வட்டாரத்தில் வேறு வீடுகளுக்கும் அவர் போயிருக்கக்கூடும் என்பதால் அக்கம்பக்கத்தாரிடமும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.