பழைய சொகுசு எஸ்யூவி சல்லிசா கிடைக்குது, எந்த இன்ஜின் எடுக்கலாம்? – கேள்வி பதில்

பழைய சொகுசு எஸ்யூவி பத்தி வந்த கடிதங்களை மட்டும் இந்த வாட்டி தனியா எடுத்திருக்கேன். சன்ரூஃப், லெதர் சீட்டு, கலர் எல்லாம் விவரமா எழுதியிருக்கீங்க, இன்ஜின் எதுன்னு எழுதினவங்க ரொம்ப கம்மி. கடிதங்களை சுருக்கிட்டேன், பொறுத்துக்கங்க.

கேள்வி: 2011 மாடல் பிஎம்டபிள்யூ எக்ஸ்1 டீசல், 78,000 கிலோமீட்டர், 5.4 லட்சம் சொல்றாங்க சார். ரெண்டு தடவை போய்ப் பார்த்துட்டேன், சத்தமே இல்லாம ஓடுது. நம்பி வாங்கலாமா? – போரூர்

பதில்: ரெண்டு தடவையும் நீங்க போறப்ப வண்டி ஏற்கனவே ஓடி சூடா இருந்துச்சா, இல்ல ராத்திரி பூரா நின்ன வண்டியை உங்க கண்ணு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாங்களா? அதை நீங்க எழுதவே இல்ல, ஆனா முடிவு அதுலதான் இருக்கு.

அந்த வண்டில இருக்கறது என்47னு சொல்ற 2 லிட்டர் டீசல். இழுவை நல்லா இருக்கும், மைலேஜும் நல்லா குடுக்கும், அதுல குறை சொல்ல முடியாது. ஆனா பிஸ்டனும் வால்வும் தாளம் தப்பாம ஓட வைக்கற டைமிங் செயினை ரேடியேட்டர் பக்கம் வைக்காம பின்னாடி கியர்பாக்ஸ் பக்கம் கொண்டுபோய் வெச்சிட்டாங்க. 2007லேர்ந்து 2011 வரைக்கும் வந்த இன்ஜின்கள்ல செயின் புகார் ரொம்ப ஜாஸ்தி. செயின் தளர்ந்து, அது உரசி ஓடற கைடு தேஞ்சு, ஒருநாள் அறுந்துச்சுன்னா பிஸ்டன் போய் வால்வை இடிக்கும், இன்ஜினோட மேல்பாகமான ஹெட்டோட போச்சு. அறுந்து போறதுக்கு முன்னாடியே மாத்திடலாம்னு பார்த்தாலும் இன்ஜினை இறக்கணும் இல்ல கியர்பாக்ஸை கழட்டணும், அதனால செயின் விலையை விட கூலிதான் பெருசா வரும். காலைல முதல் ஸ்டார்ட்டுல இன்ஜினோட பின்பக்கத்துலேர்ந்து சரசரன்னு உரசுற சத்தம் கேட்டா அதுதான் எச்சரிக்கை. சூடான வண்டில அந்த சத்தம் அமுங்கிப் போயிடும், விக்கறவங்களுக்கு இது நல்லாவே தெரியும்.

இது எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டீங்கன்னா, 2017ல நானும் ஒரு பழைய டீசல் எஸ்யூவி வாங்கினேன், எந்த கம்பெனின்னு சொல்லல. மத்தியானம் 3 மணிக்கு வரச்சொன்னாங்க, போனேன், பானெட் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு, வெயில்ல நிக்குதுன்னு நினைச்சேன். நாலாவது மாசம் விக்கிரவாண்டி தாண்டி ரோட்டுலயே நின்னுருச்சு, உள்ள என் அம்மா, ரெண்டு குழந்தைங்க. இழுத்துட்டுப் போய் பட்டறைல பிரிச்சா செயின் அறுந்து எட்டு வால்வு வளைஞ்சு கிடக்கு. பில்லு 3.4 லட்சம். வண்டியை வாங்கினது 7 லட்சத்துக்கு.

அன்னிலேர்ந்து எனக்கு ஒரு வார்த்தையைக் கேட்டாலே கோவம் வரும், "லைஃப்டைம்". செயின் லைஃப்டைம், கியர்பாக்ஸ் ஆயில் லைஃப்டைம்னு சொல்லி விக்கறாங்க, யாரோட ஆயுசுன்னு யாரும் சொல்றதில்ல. முதல் ஓனர் வாரண்டி முடியற வரைக்கும் ஓட்டிட்டு வித்துடுவார், அவருக்கு அந்த ஆயுசு போதும். மூணாவது ஓனரா வர்ற நம்ம ஆளு, கடன் வாங்கி, வீட்ல சண்டை போட்டு வாங்குறவர், அவர் தலைலதான் அந்த ஆயுசு வந்து முடியுது. இதுல ஆயில் மாத்துற இடைவெளியை வேற இருபதாயிரம் கிலோமீட்டர், அதுக்கும் மேலன்னு நீட்டி வெச்சாங்க. செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷர்லதான் வேலை செய்யுது, கைடு வழவழன்னு இருக்கறதும் ஆயில்லதான், அந்த ஆயில் கருப்பாகி கூழா நிக்கறப்ப செயின் எப்படிங்க உழைக்கும்? நம்ம ஊர் வெயில்ல, தூசில, கிண்டி டிராஃபிக்ல ஒரு மணி நேரம் ஐடில்ல நிக்கற வண்டிக்கு 8,000, மிஞ்சிப்போனா 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்தியே ஆகணும். அப்படி மாத்தின பில்லு இருந்தா பழைய என்47 கூட ஓடும், பில்லு இல்லைன்னா 40,000 ஓடின வண்டியைக் கூட நம்பாதீங்க.

அதனால போரூர்காரரே, முதல் நாள் ராத்திரியே போன் பண்ணி "காலைல 7 மணிக்கு வர்றேன், நான் வர்ற வரைக்கும் சாவி போடாதீங்க"ன்னு சொல்லுங்க. போனதும் பானெட்டுல கை வெச்சுப் பாருங்க. சூடா இருந்துச்சுன்னா ஒரு வார்த்தை பேசாம திரும்பி வந்துருங்க.

கேள்வி: 2012 லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4, 3 லிட்டர் டீசல். விட்டா வேற ஆளுக்குப் போயிடும்னாங்க, 50,000 டோக்கன் குடுத்துட்டேன். இனிமே மெக்கானிக்கை கூட்டிட்டுப் போகணும். எதையெல்லாம் பார்க்கச் சொல்லணும்? – சேலம்

பதில்: டோக்கன் குடுத்துட்டு மெக்கானிக்கை தேடுறீங்க. வரிசையே தப்பு தம்பி, கோவமா இருக்கு எனக்கு. அந்த வி6 டீசல்ல கிராங்க்னு சொல்ற இன்ஜினோட முக்கியத் தண்டுல பேரிங் சுத்திக்கிட்டு கிராங்க்கே உடையறது உலகம் பூரா தெரிஞ்ச விஷயம், பல வண்டில முன்கூட்டியே ஒரு சத்தம் கூட வராது. அப்படி ஆச்சுன்னா இன்ஜினே வேற போடணும், அந்த மாடல்ல பெரிய வேலைன்னா பாடியையே சேசிஸ்லேர்ந்து தூக்கிட்டுப் பார்க்கறவங்க நிறைய பேர். இன்ஜின் மாத்தின பில்லோ, ஒழுங்கா ஆயில் மாத்தின வரலாறோ இல்லைன்னா டோக்கனை திருப்பிக் கேளுங்க, தரலைன்னா அந்த 50,000 போனாலும் பரவாயில்ல, மிச்சப் பணமாவது உங்க கையில இருக்கும்.

கேள்வி: வீட்டுக்கும் கம்பெனிக்கும் 4 கிலோமீட்டர்தான். மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போவேன். பழைய ஆடி க்யூ5, டீசலா பெட்ரோலா? – திருப்பூர்

பதில்: 4 கிலோமீட்டருக்கு டீசல் வேண்டாம். சைலன்சர் லைன்ல டிபிஎஃப்னு கரித்தூளைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கு, ரோட்ல இருபது நிமிஷமாவது சீரா ஓடினாத்தான் அது சூடாகி கரியை எரிக்கும். நாலு கிலோமீட்டர்ல இன்ஜினே சூடாகாது, பாதி எரிஞ்சும் எரியாமலும் நிக்கும், எரிக்கறதுக்குன்னு கூடுதலா அடிச்ச டீசல் ஆயில்ல போய்க் கலக்கும்.

பெட்ரோல்னு சொன்ன உடனே கிளம்பிடாதீங்க. 2009லேர்ந்து 2012 வரைக்கும் வந்த 2 லிட்டர் டர்போ பெட்ரோல் ஆயில் குடிக்கும், பிஸ்டன் ரிங்கு மெல்லிசா வெச்சதால. டைமிங் செயின் டென்ஷனரும் அந்த வருஷத்து வண்டிகள்ல பலவீனம். பிஸ்டனும் டென்ஷனரும் மாத்தின பில்லு கேளுங்க, இல்ல 2014க்கு அப்புறம் வந்த வண்டியா பாருங்க. இப்ப பங்குல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய வண்டியோட பெட்ரோல் டேங்க் மூடில எத்தனை சதவீதம் வரைக்கும் ஊத்தலாம்னு எழுதியிருக்கும், அதையும் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

கேள்வி: 4.5 லட்சத்துக்கு 2008 போர்ஷே கயென் வி8 பெட்ரோல். வாழ்க்கைல ஒரு தடவை. ப்ளீஸ் ஆமான்னு சொல்லுங்க அண்ணா. – நாகர்கோவில்

பதில்: வேண்டாம்.

கேள்வி: டெல்லி நம்பர் 2016 க்யூ7 3 லிட்டர் டீசல், இங்க கிடைக்கறதை விட 5 லட்சம் கம்மி. எப்படி இவ்வளவு கம்மியா தர்றாங்க, ஏதாவது திருட்டு வண்டியா? – மதுரை

பதில்: பெரும்பாலும் திருட்டு இல்லைங்க, சட்டம். 10 வருஷம் தாண்டின டீசல் டெல்லி வட்டாரத்துல ஓடக்கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணுச்சு. 2025ல கோர்ட்டு கொஞ்சம் இறங்கி வந்தாலும் பயத்துல தள்ளிவிடறது நிக்கல. இன்ஜின் நல்ல இன்ஜின்தான், செயின் பின்னாடி இருந்தாலும் என்47 மாதிரி பேர் கெடல. ஆனா அங்கத்து ஆர்டிஓ குடுக்கற என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லைங்கற சான்று, கையில வராம ஒரு ரூபா அனுப்பாதீங்க. வண்டி 12 மாசத்துக்கு மேல தமிழ்நாட்டுல இருக்கப்போகுதுன்னா இங்க மறுபதிவு பண்ணணும், வரி கட்டணும், அந்த வரி எவ்வளவுன்னு உங்க ஊர் ஆர்டிஓ ஆபீஸ்ல முதல்ல கேளுங்க. அந்த 5 லட்சத்துல எவ்வளவு மிஞ்சுதுன்னு அப்பத்தான் தெரியும்.

கேள்வி: அப்பாவோட ரிட்டயர்மெண்ட் பணத்துல 11.5 லட்சத்துக்கு பழைய கார் ஷோரூம்ல மெர்சிடிஸ் எம்எல் 350 டீசல் வாங்கினோம். "இன்ஜின் ஃபுல் கண்டிஷன்"னு பில்லுலயே எழுதிக் குடுத்தாங்க. 23ஆவது நாள் நின்னுருச்சு. பட்டறைல கார்பெட்டை தூக்கினா அடில காஞ்ச சேறு. ஷோரூம்ல போன் எடுக்க மாட்டேங்கறாங்க. அப்பா சாப்பிடவே மாட்டேங்கறார். – திருச்சி

பதில்: அம்மா, முதல்ல அப்பாகிட்ட சொல்லுங்க, தப்பு அவர் மேல இல்ல. எழுதிக் குடுத்ததை நம்பி வாங்கறது ஏமாளித்தனம் கிடையாது, எழுதிக் குடுத்துட்டு ஏமாத்தினவன்தான் வெட்கப்படணும்.

உங்க வண்டி வெள்ளத்துல நின்ன வண்டி போலத்தான் தெரியுது. 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் சென்னைல முழுகின வண்டிங்களை கழுவி, சென்ட் அடிச்சு வேற ஊர்ல கொண்டுபோய் வித்தாங்க. இன்ஜின் உள்ள தண்ணி போனப்ப ஸ்டார்ட் பண்ணியிருந்தா பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கற கனெக்டிங் ராடு லேசா வளைஞ்சிருக்கும், கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் நிக்கும். பட்டறைல எதையும் மேற்கொண்டு பிரிக்க விடாதீங்க. சேறு, சீட்டுக்கு அடில துருப்பிடிச்ச போல்ட்டு, முழுசா வெளிய இழுத்த சீட் பெல்ட்டுல கறை, எல்லாத்தையும் தேதியோட போட்டோ எடுங்க, மெக்கானிக்கிட்ட கையெழுத்தோட ரிப்போர்ட் வாங்குங்க. பழைய பாலிசி நம்பர் கிடைச்சா இன்சூரன்ஸ் கம்பெனில வெள்ள கிளெய்ம் இருந்துச்சான்னு கேளுங்க. விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிச்சிடாதீங்க.

அப்புறம் பதிவுத் தபால்ல ஷோரூமுக்கு நோட்டீஸ், பதில் இல்லைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடுத்தது 50 லட்சத்துக்குள்ளங்கறதால அங்கயே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்ல, 2 வருஷத்துக்குள்ள போடணும். 1915க்கு போன் பண்ணா புகாரை பதிவு பண்ணிக்குவாங்க, வழியும் சொல்வாங்க. ஷோரூம்ல வாங்கினதாலதான் இந்த வழி உங்களுக்கு இருக்கு, தெரிஞ்சவர் தன் சொந்த வண்டியை வித்திருந்தா நுகர்வோர் ஆணையத்துல நிக்காது, போலீஸ், சிவில் கோர்ட்டுன்னு அலையணும். பில்லுல அந்த ஒரு வரி எழுதி வாங்கினீங்க பாருங்க, அதுதான் உங்க பலம். நோட்டீஸ் எழுதறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்புங்க, நானே படிச்சுப் பார்க்கறேன்.

கேள்வி: எல்லாத்துலயும் குறை சொல்றீங்க. 9 லட்சத்துக்கு நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க? – ஓசூர்

பதில்: வோல்வோ எக்ஸ்சி60, 5 சிலிண்டர் 2.4 லிட்டர் டீசல். அதுல டைமிங் பெல்ட்டுதான், கியர்பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் இருக்கு, இன்ஜினை இறக்காம மாத்தலாம். மாத்தின பில்லு இல்லைன்னா வாங்கின வாரமே மாத்திடுங்க. சர்வீஸ் சென்டர் கம்மிங்கறதுதான் கஷ்டம், உங்களுக்கு பெங்களூர் பக்கம்தானே.

அது கிடைக்கலைன்னா மெர்சிடிஸோட 3 லிட்டர் வி6 டீசல். இன்ஜினோட ரெண்டு வரிசை சிலிண்டருக்கும் நடுவுல ஆயில் கூலர் உக்காந்திருக்கு, அதோட ரப்பர் சீல் கசியும். சீல் விலை அற்பம், ஆனா மேல இருக்கற டர்போ, மேனிஃபோல்டு எல்லாம் கழட்டணும், கூலி கொல்லும். அந்த வேலையை ஏற்கனவே முடிச்ச வண்டியா தேடுங்க.

கேள்வி: நீங்க முன்னாடி எழுதின மாதிரி குளிர்ந்த ஸ்டார்ட்டு பார்த்து, ஸ்கேன் பண்ணி, மீட்டரும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்ல இருக்கற கிலோமீட்டரும் ஒத்துப்போகுதான்னு பார்த்து வண்டி எடுத்துட்டேன் சார். முதல் வேலையா என்ன செய்யணும்? – தஞ்சாவூர்

பதில்: ரொம்ப சந்தோஷம் தம்பி, ஒழுங்கா பார்த்து வாங்கினவர் கடிதம் இது ஒண்ணுதான். ஆர்சி உங்க பேருக்கு மாறிடுச்சான்னு முதல்ல பாருங்க. அப்புறம் ஆயிலும் ஃபில்டரும் மாத்துங்க, கழட்டின ஃபில்டரை தூக்கிப் போட விடாதீங்க, வெட்டி மடிப்பை விரிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. உள்ள உலோகத் தூள் மின்னுச்சுன்னா வண்டியை அங்கயே நிறுத்திட்டு போட்டோ எடுத்து அனுப்புங்க.